நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை

நாக்குக்கு அடியில் வைத்த மாத்திரை கரைந்து முடிகிற வரைக்கும் சூரியபிரகாஷ் வாயைத் திறக்க மாட்டான். எச்சிலைக்கூட விழுங்கக் கூடாது என்பது ஆன்சி சிஸ்டரின் கண்டிப்பு. போதை மறுவாழ்வு மையத்தின் வராண்டாவில், வேப்பமரத்தைப் பார்த்துப் போட்டிருந்த சிமெண்டு பெஞ்சில், வாத்தியார் பேசாதே என்று உட்கார வைத்த மாணவனைப் போல உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பக்கத்தில் அவன் மனைவி சரண்யாதேவி. பேசுவது முழுக்க அவள் பொறுப்பு.

அவளுக்கு கே.கே. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை, சேலைப் பிரிவில். தினமும் காலையில் கோச்சடையிலிருந்து அவனோடு பைக்கில் வந்து, மாத்திரை கரையும் வரை கூடவே இருந்துவிட்டுத்தான் கடைக்குப் போவாள். முந்தின நாள் கடையில் நடந்ததெல்லாம் அந்த பெஞ்சில் மறுபடி ஒருமுறை நடக்கும்.

"மலை மாதிரி சேலைய விரிச்சுப் போட்டாச்சு மாமா. கடைசில அந்தம்மா என்னய மேலயும் கீழயும் பாத்துட்டு, 'நீ கட்டியிருக்கியே, இந்தச் சேலை நல்லாருக்கு, இதுல ஒண்ணு எடு'ன்னு சொல்லுது. இது யூனிபார்ம் சேலைம்மான்னேன். 'பரவால்ல, வேற கலர் இருக்கா'ங்குது."

அவன் வாயைத் திறக்காமலே சிரிப்பான். தோள் குலுங்கும், கண்ணில் நீர் கட்டும். உள்ளே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆன்சி சிஸ்டர் அதட்டுவாள்.

"ஏ சரண்யா! சிரிப்பு காட்டாத. முழுங்கித் தொலச்சிருவாரு."

"நல்லது சிஸ்டர். கல்யாணம் ஆன நாள்ல இருந்து எம்பேச்ச இம்புட்டு நேரம் குறுக்க பேசாம இவரு கேட்டதே இல்ல. ஒங்களுக்குக் கோயிலே கட்டலாம்."

அப்படி அவன் கேட்டுக்கொண்டிருந்த காலைகள்தாம் தன் வாழ்க்கையிலேயே நல்ல நேரம் என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை.

சூரியபிரகாஷ் டைல்ஸ் ஒட்டுகிறவன். கை சுத்தமான வேலை. ஆனால் நாள் முழுக்கக் குந்திக்கொண்டே செய்கிற வேலை. இடுப்பு வலி தாங்காமல் ஒரு நாள், கூட வேலை பார்த்தவன் கொடுத்த வலி மாத்திரையைப் போட்டான். வலி போனது. வலி இல்லாத நாளிலும் மாத்திரை வேண்டியிருந்தது. பிறகு ஒன்று போதவில்லை. கல்யாணத்துக்கு அவள் வீட்டில் போட்ட சங்கிலி போன பிறகுதான் அவளுக்கே விஷயம் தெரிந்தது. அதற்குள் வைகைக் கரை ரோட்டில் வைத்துப் போலீஸ் அவனைப் பிடித்துவிட்டது. சட்டைப் பையில் மாத்திரை அட்டைகள் இருந்தன.

சிறைக்குத்தான் போக வேண்டும் என்று எல்லாரும் கையை விரித்தபோது, கிருபாகரன் வக்கீல்தான் ஒரு வழி சொன்னார்.

"பொய் சொல்ல வேண்டாம்மா, செஞ்சத ஒத்துக்கிடட்டும். இவரு வித்த ஆளு இல்ல, போட்ட ஆளு. கையில இருந்ததும் கொஞ்சம்தான். தண்டனைக்குப் பதிலா வைத்தியத்துக்கு அனுப்பச் சொல்லி நாம கேக்கலாம், சட்டத்துல இடம் இருக்கு. ஆனா அவரு மனசார சம்மதிக்கணும். ஒரு ஆளு ஜாமீன் நிக்கணும்."

ஜாமீனுக்கு நின்றது சரண்யாவின் அண்ணன் சிவபாண்டி. சோழவந்தான் பக்கம் நெல் அறுக்கிற மெஷின் ஓட்டுகிறவன். தங்கச்சிக்காக நிலத்துப் பட்டாவைக் கொண்டுவந்து நீட்டினான். நீதிபதி அம்மா சூரியபிரகாஷைப் பார்த்து, "ஒழுங்கா சிகிச்சை எடுத்துக்கணும். வர்ற தை மாசம் டாக்டர் அறிக்கையோட இங்க வந்து நிக்கணும். நடுவுல விட்டா தண்டனைதான். சம்மதமா?" என்று கேட்டார். "சம்மதங்கம்மா" என்றான். அந்த ஒரு சொல்லால்தான் அவன் அன்று வீட்டுக்கு வந்தான்.

மையத்தில் கொடுத்த சிகிச்சை, தினம் ஒரு மாத்திரை. அதை வைத்த பிறகு அவனுக்குக் கை நடுங்கவில்லை. சாப்பிட்டான். தூங்கினான். வேலைக்குப் போனான். மூன்று வயதுப் பவதாரிணியைப் பைக்கில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு, கடை விடுகிற நேரத்துக்குச் சரண்யாவைக் கூப்பிட வந்தான். கூட வேலை பார்க்கிற பெண்கள், "உன் வீட்டுக்காரரு புது மாப்ள மாதிரில்ல வந்து நிக்கிறாரு" என்று கேலி பண்ணினார்கள்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒன்றைத் தவிர. சிகிச்சை என்பதே ஒரு மாத்திரைதான் என்று சரண்யா தன் வீட்டில் சொல்லவில்லை. 'வைத்தியம் பாக்குறாக, டாக்டர் பேசுறாரு' என்று பொதுவாகச் சொல்லி வைத்திருந்தாள். ஏன் மறைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஆன்சி சிஸ்டர் எத்தனையோ தடவை விளக்கியும், இதுவும் மாத்திரைதானே என்று உள்ளே ஒரு முள் இருந்துகொண்டே இருந்தது. அதை அவள் யாரிடமும் காட்டவில்லை.

ஆவணி மாதத்தில் பவதாரிணிக்கு அழகர்கோவிலில் மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். கேஸ், கோர்ட்டு என்று தள்ளிப்போன காரியம். தாய்மாமன் சிவபாண்டி சீர் கொண்டுவந்தான். ஒரு வேன் நிறையச் சொந்தம். மையத்துக்குப் போக முடியாது என்பதால், அந்த ஒரு நாளைக்கு மட்டும் டாக்டர் அனுமதியோடு ஆன்சி சிஸ்டர் மாத்திரையைக் கையில் கொடுத்தனுப்பியிருந்தாள். "ஒங்க மேல நம்பிக்கை வந்துருச்சுன்னு அர்த்தம்" என்று அவள் சொன்னதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை.

மொட்டை போட்டு முடிய நேரமாகிவிட்டது. காலையில் வைக்க வேண்டிய மாத்திரையை அவன் புளியமரத்தடிக்குப் போய் அப்போதுதான் நாக்குக்கு அடியில் வைத்தான். வைத்த நேரத்தில் ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார். தாய்மாமன் மடியில் இருந்த குழந்தை ஊரைக் கூட்டியது.

"அப்பா... அப்பா..."

"ஏய், அப்பனக் கூப்புடுங்கப்பா. புள்ள தவிக்குதுல்ல" என்று யாரோ கத்தினார்கள்.

சூரியபிரகாஷ் ஓடிவந்தான். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டான். கன்னத்தைத் தடவினான். ஆனால் பேசவில்லை. குழந்தை "அப்பா, வலிக்குதுப்பா" என்று முகத்தைப் பார்த்துக் கதறுகிறது, அவன் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுகிறான்.

"என்னா மாப்ள, புள்ள கூப்புடுது, கல்லு மாதிரி நிக்கிற?" என்றான் சிவபாண்டி.

சிவபாண்டிக்குச் சித்தி முறையான சீனியம்மாள் குனிந்து பார்த்தாள். "இவன் வாய்க்குள்ள என்னத்தயோ ஒதுக்கிருக்கான்டா, சிவா."

சிவபாண்டி குழந்தையை ஆசாரியின் பக்கம் சாய்த்துவிட்டு மாப்பிள்ளையின் தாடையைப் பிடித்தான். வேறு வழியில்லாமல் சூரியபிரகாஷ் வாயைத் திறந்தான். பாதி கரைந்த வெள்ளை வட்டம் நாக்கில் ஒட்டியிருந்தது.

அத்தனை சொந்தமும் பார்த்தது.

"ஆஸ்பத்திரி மாத்திரைண்ணே" என்று சரண்யா குறுக்கே விழுந்தாள். "டாக்டர் குடுத்தது. இதான் வைத்தியம்."

"மாத்திரைக்கு மாத்திரையே வைத்தியமா? எவடி ஒனக்குச் சொன்னா? குடிகாரனத் திருத்த கவர்மெண்டு பிராந்தி ஊத்துமா?"

"எங்க வீட்டு ஆளும் பீடிய விடப் போறேன்னுதான் பாக்குப் போட ஆரம்பிச்சாரு" என்றாள் சீனியம்மாள். "இப்ப ரெண்டும் நடக்குது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் சரண்யா கூசிப் போனாள். கணவன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"இம்புட்டு நாளா என்னய ஏமாத்திருக்கீக, ரெண்டு பேரும்" என்றான் சிவபாண்டி. அவன் குரல் உடைந்திருந்தது. கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். "எம் பட்டாவக் கொண்டுபோயி வச்சேன். சரி, நடந்தது நடந்துபோச்சு. இந்தா இருக்கு கருப்பன் கதவு. வரச் சொல்லு. சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். இல்லன்னா நாளைக்கே வக்கீலப் பாத்து எம் பேர எடுக்கச் சொல்லிருவேன்."

பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு அங்கே உருவம் இல்லை. சந்தனம் அப்பிய பெரிய கதவுதான் சாமி. தீராத வழக்கு, களவு, பங்காளித் தகராறு என்று எதுவானாலும் அந்தக் கதவுக்கு முன்னால் வந்து சூடத்தை ஏற்றி, அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் அதற்கு மேல் பேச்சில்லை. அங்கே பொய் சொன்னவன் வீடு விளங்காது என்பதில் அந்தப் பக்கத்து மனிதர்களுக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. சூரியபிரகாஷுக்கும் கிடையாது.

சூடம் எரிந்தது. குழந்தை காதில் ரத்தப் பொட்டோடும் சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடும் சரண்யாவின் இடுப்பில் விசும்பிக்கொண்டிருந்தது. சூரியபிரகாஷ் கையை நீட்டப் போனவன் நிறுத்தி, அவளிடம் மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"சரண். இந்த ஆஸ்பத்திரி மாத்திரையுமா?"

அந்த நேரத்தில் அவள் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். 'பழைய மாத்திரையத் தொட மாட்டேன்னு மட்டும் சொல்லுங்க மாமா' என்று சொல்லியிருந்தால் அண்ணன் கத்தியிருப்பான், சித்தி இன்னும் ரெண்டு நாள் பேசியிருப்பாள், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சந்தனக் கதவையும் அத்தனை கண்களையும் பார்த்தபோது, உள்ளே கிடந்த முள் அவளுக்காகப் பேசிவிட்டது.

"எல்லாத்தயும் விட்டுருங்க மாமா. எந்த மாத்திரையும் வேணாம். பாப்பா தலையில கை வச்சுச் சொல்லுங்க. ஒரேயடியா முடிஞ்சு போகட்டும்."

அவன் ஒரு கையைக் குழந்தையின் மொட்டைத் தலையில் வைத்தான். மறு கையால் சூடத்தை அணைத்தான்.

"எந்த மாத்திரையும் இனி தொட மாட்டேன். ஆஸ்பத்திரி மாத்திரையும் தொட மாட்டேன். மீறுனா எம் புள்ள எனக்கில்ல."

அன்று எல்லாரும் வயிறாரக் கறிச்சோறு சாப்பிட்டார்கள்.

மறுநாளிலிருந்து அவன் மையத்துக்குப் போகவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் கொட்டாவி விட ஆரம்பித்தான். மூக்கு ஒழுகியது. மின்விசிறியை நிறுத்திவிட்டு ரெண்டு போர்வைக்குள் நடுங்கினான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு ஓடினான். கால்கள் தாமாக உதறின. சரண்யா கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவன் கால்களை மடியில் போட்டுப் பிடித்துவிட்டாள். "இன்னம் கொஞ்சந்தான் மாமா. பல்லக் கடிச்சுக்கங்க. கருப்பன் தொணை இருக்கான்." அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். அவன் தாய் மலையம்மாள் வெந்நீர் வைத்து வைத்துக் கொடுத்தாள். மூன்று பேருமாகச் சேர்ந்து ஏதோ பெரிய காரியம் செய்வது போலத்தான் இருந்தது.

ஆன்சி சிஸ்டர் போன் பண்ணினாள். "ஊருக்குப் போயிருக்காரு சிஸ்டர்" என்றாள் சரண்யா. மறுபடி வந்த போனை எடுக்கவே இல்லை.

சிவபாண்டி வந்து பார்த்தான். போர்வைக்குள் கிடந்தவனைப் பார்த்து அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே போய் ஒரு குவார்ட்டர் பாட்டில் வாங்கி வந்தான்.

"உடம்பு முறுக்கிக்கிட்டுக் கெடக்குல்ல. ஒரு கட்டிங் உள்ள போனா தூக்கமாச்சும் வரும்."

"வேண்டாம்ண்ணே" என்றாள் சரண்யா.

"ஏத்தா, இது மாத்திரையா? சத்தியத்துல இதுவா இருக்கு? ஊரே குடிக்குது, நான் குடிக்கல? ஒழச்சுட்டு வந்து குடிக்கிறவன எவன் புடிச்சு உள்ள போடுறான்? நீ போயி தண்ணி கொண்டா."

சரண்யா தண்ணீர் கொண்டுவந்தாள். அன்றைக்குத்தான் சூரியபிரகாஷ் கொஞ்சம் கண்ணயர்ந்தான். அவன் தூங்குவதைப் பார்த்து அவளும் தூங்கினாள்.

உடம்பு தெளிந்து எழுந்தான். ஆனால் இடுப்பு வலி திரும்பி வந்திருந்தது. ஒரு பக்கமாக வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வேலைக்குப் போய்த் திரும்புகிற வழியில் பிராந்திக் கடை இருந்தது. முதலில் சாயங்காலம் மட்டும் குடித்தான். பிறகு மதியமும்.

ஆன்சி சிஸ்டர் விலாசம் விசாரித்து ஸ்கூட்டியில் வீட்டுக்கே வந்துவிட்டாள். மலையம்மாள் கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நடந்ததெல்லாம் கேட்டாள். காப்பி ஆறிப்போனது.

"நானும் கோயிலுக்குப் பொருத்தனை நேர்ந்துக்கிறவதான் சரண்யா. உன் சாமியப் பத்திப் பேச நான் யாரு? ஆனா ஒண்ணு கேட்டுக்க. அந்த மாத்திரை இவருக்குப் போதை ஏத்தல. இவரத் தாங்கிப் புடிச்சுக்கிட்டு இருந்துச்சு. இப்ப தாங்க ஒண்ணுமில்ல. பழைய அளவத் தாங்குற சக்தி உடம்புல போயிருச்சு. என்னைக்காவது மனசு ஒடஞ்சு முன்ன மாதிரி போட்டாருன்னா மூச்சு நின்னுரும். நான் பாத்திருக்கேன், அதான் இம்புட்டுத் தூரம் வந்தேன். கோர்ட்டுக்கும் டாக்டரு உள்ளதத்தான் எழுத முடியும். நாளைக்கே வரச் சொல்லு. திட்ட மாட்டேன். வாங்கன்னுதான் சொல்லுவேன்."

சரண்யாவுக்கு அப்போதுதான் நெஞ்சுக்குள் பயம் இறங்கியது. சிஸ்டர் போன பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சினாள்.  கடைசியில், "நீதான சத்தியம் பண்ணச் சொன்ன. நீயே மாத்துறியா?" என்றான்.

"ஆமா மாமா. தெரியாமச் சொல்லிட்டேன். பாவம் வந்தா எனக்கு வரட்டும்."

"சரி. போறேன்" என்றான்.

மறுநாள் தீபாவளி வியாபாரம் உச்சத்தில் இருந்த நாள். கடையில் லீவு கிடைக்கவில்லை. அவன் தனியாகத்தான் போனான். பட்டுச் சேலைகளுக்கு நடுவே அவள் நின்றுகொண்டிருந்தபோது மலையம்மாள் போன் பண்ணினாள்.

"ஏத்தா சரண்யா, பாப்பாவுக்குக் காச்ச கொதிக்குது. குத்துன அன்னைக்கு இருந்தே ஆறாம இருந்துச்சுல்ல அந்த இடது காது, இப்ப வீங்கிச் சீழ் வடியுது. கண்ணத் தொறக்க மாட்டேங்குது."

சரண்யாவின் கையிலிருந்து சேலை நழுவியது. வாடிக்கையாளர் கேட்பது எதுவும் காதில் விழவில்லை. சந்தனக் கதவு மட்டும் கண் முன்னால் நின்றது. கணவனுக்குப் போன் போட்டாள்.

"மாமா, பாப்பாவுக்குக் காச்ச. காதுல சீழ் வச்சிருக்காம்." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "மாத்திரை போட்டீகளா?"



"இல்ல. ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியதான் நிக்கிறேன்."

"போடாதீக. வந்துருங்க மாமா. வந்துருங்க."

அவன் வந்துவிட்டான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருவரும் தெருமுனை கிளினிக்குக்கு ஓடினார்கள். டாக்டர் காதைச் சுத்தம் செய்து, காதில் போட்டிருந்த மட்டமான கம்பியால் புண் பட்டிருக்கிறது என்று சொல்லி அதைக் கழற்றிவிட்டு, ஒரு ரோஸ் நிற மருந்தை எழுதிக் கொடுத்தார். அடுத்தடுத்த நாட்களில் காய்ச்சல் விட்டது. குழந்தை எழுந்து விளையாடியது.

ஒரு கம்பி செய்த வேலை என்று டாக்டர் சொன்னதைச் சரண்யா புரிந்துகொண்டாள். அவனுக்கு அதைப் புரியவைக்க அவளால் முடியவில்லை. அவள் கேட்ட கேள்விதான் அவன் காதில் நின்றுவிட்டது. "வாசலுக்குத்தான் போனேன். அதுக்கே இப்படிக் காட்டிட்டான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

"கருப்பன்கிட்டயே போயி, 'தெரியாமப் பண்ணிட்டோம், சத்தியத்த எறக்கி வைக்கிறோம்'னு கேட்டுட்டு வந்துருவோம்டா" என்று மலையம்மாள் சொல்லிப் பார்த்தாள்.

"அவன்கிட்டப் போயி பேரம் பேசச் சொல்றியாம்மா? எம் புள்ளைய வச்சா?"

அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவான். போகிற இடம் எல்லாருக்கும் தெரியும். ஒரு வீட்டு வரவேற்பறையில் அவன் ஒட்டிய டைல்ஸ் கோணலாகப் போய், வீட்டுக்காரர் மொத்தத்தையும் பெயர்க்கச் சொன்னார். கை சுத்தமான வேலைக்காரன் என்று பேர் வாங்கியவனை மேஸ்திரி இனி வராதே என்று சொல்லிவிட்டான். சாயங்காலம் ஜவுளிக்கடை வாசலில் பைக் வந்து நிற்பது நின்றுபோனது. சரண்யா பஸ்ஸில் வந்தாள்.

தை பிறந்தது. வாய்தா நாள் வந்தது.

கிருபாகரன் வக்கீல் கோர்ட்டு வராண்டாவில் அவனைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போய் மோந்து பார்த்தார். முகம் சுளித்தார்.

"இன்னைக்குமாய்யா? சரி, கேளு. டாக்டர் அறிக்கையில சிகிச்சைய நடுவுல விட்டுட்டாருன்னுதான் இருக்கு. அந்தம்மா நல்ல மனுசி. நான் எடுத்துச் சொல்றேன், இன்னொரு வாய்ப்புக் குடுப்பாங்க. 'மறுபடி சேந்து மருந்து சாப்புடச் சம்மதம்'னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் பேசாத."

சூரியபிரகாஷ் தலையாட்டினான். ஆமாம் என்றா, கேட்டுக்கொண்டேன் என்றா என்று சரண்யாவுக்குத் தெரியவில்லை. அவள் பின் வரிசையில் சிவபாண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். 'அந்த ஒரு வார்த்தை' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். போன வருஷம் வீட்டுக்கு அனுப்பியதும் அதே வார்த்தைதான்.

வக்கீல் பேசினார். நீதிபதி அறிக்கையைப் படித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லா வந்துக்கிட்டு இருந்தீங்கன்னு டாக்டர் எழுதியிருக்காரே. அப்புறம் ஏன் விட்டீங்க?"

அவன் தரையில் ஒட்டியிருந்த டைல்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னொரு தடவை வாய்ப்புத் தரேன். இன்னைக்கே போய்ச் சேரணும். அந்த மருந்த எடுத்துக்கணும். சம்மதமா?"

அவன் உதடு இறுகியிருந்தது. வேப்பமரத்து பெஞ்சில் இருந்ததைப் போலவே.

"சம்மதம்னு சொல்லுங்க மாமா!" என்று சரண்யா பின்னாலிருந்து கத்திவிட்டாள். பெண் போலீஸ் ஒருத்தி அவள் தோளைப் பிடித்து அமுக்கினாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். அவன் பார்வையில் கோபமில்லை. தண்ணீருக்குள் நின்றுகொண்டு கரையில் நிற்கிறவளைப் பார்ப்பது போல இருந்தது.

"பெத்த புள்ள தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணிருக்கேங்கம்மா. மாத்திரைய மட்டும் தொட முடியாதுங்க. வேற என்ன சொன்னாலும் செய்யிறேன்."

"இது வைத்தியம். இதுக்கு உங்க சம்மதம் வேணும். சம்மதம் இல்லாத ஆள நான் எப்படி அனுப்புறது?" என்றார் நீதிபதி. கொஞ்ச நேரம் காத்திருந்தார். அந்த அறையில் ஒருவருக்கும் அவ்வளவு நேரம் கொடுத்து யாரும் பார்த்ததில்லை. அவன் வாய் திறக்கவில்லை.

ஆறு மாதச் சிறை.

வேனில் ஏற்றும்போது சிவபாண்டி ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "மாப்ள, நான்தான்யா சத்தியம் பண்ணச் சொன்னேன். நானே வேண்டாங்கிறேன். எனக்காகச் சொல்லிருக்கக் கூடாதா?"

"ஒங்ககிட்டயா மச்சான் பண்ணேன்?" என்றான் சூரியபிரகாஷ்.

சிவபாண்டி ரோட்டோரத்தில் குந்தி அழுதான். அண்ணன் அழுது சரண்யா பார்த்ததில்லை.

அடுத்த வாரம் மனுப் போட்டுப் பார்க்கப் போனாள். நடுவில் கம்பி வலை. அதற்கு அந்தப் பக்கம் அவன் இளைத்து, மழித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தான். குடி இல்லாததால் கண் தெளிந்திருந்தது.

ஆன்சி சிஸ்டர் சொல்லி அனுப்பியதை அவள் வேகவேகமாகச் சொன்னாள். சிறை டாக்டரிடம் கேட்கலாம், சிஸ்டரே பேசுகிறேன் என்றாள், உள்ளே இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டால் நல்லது, வெளியே வருகிற அன்றைக்கு மாத்திரை விற்கிற பழைய ஆட்கள் யாராவது வாசலில் நின்றால்...

"அதெல்லாம் விடு" என்றான். "பாப்பா காது ஆறிருச்சா?"

"ஆறிருச்சு மாமா. சின்னதா ஒரு கம்மல் போட்டாச்சு. கண்ணாடியப் பாத்துக்கிட்டே நிக்கிறா."

அவன் முகம் மலர்ந்தது. எத்தனையோ நாளைக்கப்புறம் அந்தச் சிரிப்பைப் பார்த்தாள்.

"பாத்தியா? கோர்ட்டுல நின்னப்ப ஒரு நிமிசம் சொல்லிருவமான்னு இருந்துச்சு சரண். நீ கத்துனியா, அப்ப. சொல்லிருந்தா என்ன ஆயிருக்கும்? சொல்லல. அதான் ஆறிருக்கு."

காது ஆறியது ஐப்பசியிலேயே. குடியில் இருந்தவன் அதைக் கவனித்திருக்கவில்லை. அந்த ரோஸ் நிற மருந்தைச் சங்கில் ஊற்றிப் புகட்டியது அவள் கைதான். குழந்தை துப்பத் துப்ப, மூக்கைப் பிடித்து, பாட்டில் தீரும் வரை புகட்டினாள். மருந்துதான் மாமா ஆற்றியது என்று இப்போது சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அவன் எதற்காக அந்தக் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான்? வேலை போய், பேர் போய், உடம்பு போய், அவன் கையில் மிச்சமிருப்பது அந்த ஒன்றுதான். அதையும் அவளே பிடுங்க வேண்டுமா? பிடுங்காவிட்டால், ஆறு மாதம் கழித்து வாசலில் யார் நிற்பார்கள்?

அவன் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தான்.

"ஆமா மாமா" என்றாள்.

"நேரமாச்சும்மா, எந்திரி. பின்னால ஆளு நிக்கிதுல்ல" என்று காவலர் சொன்னார். பின்னால் நின்ற பெண் அவள் எழுவதற்கு முன்பே பையை இடத்தில் வைத்து, வலையில் முகத்தைப் பதித்து, வேறு யாருடைய பேரையோ சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.